பச்சைப் பொத்தானுக்குப் பின்னால்: பைத்தானுக்கு ஐ.டி.இ. பழகுவோருக்கான முழுமையான வழிகாட்டி

“அக்கா, பிப்ல இன்ஸ்டால் பண்ணிட்டேன், டெர்மினல்ல நல்லா ஓடுது, பைசார்ம்ல மட்டும் அப்படி ஒரு மாட்யூலே இல்லைங்குது.” பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்யும் எனக்கு மிகவும் பழகிப்போன வாக்கியம் இது. (பிப் என்பது பைத்தானுக்கான பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை, நிறுவும் கருவி; மாட்யூல் என்பது நம் நிரலுக்குள் இறக்குமதி செய்து பயன்படுத்தும் நிரல் கோப்பு; டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரை; பைசார்ம் என்பது பைத்தான் நிரல் எழுதும் மென்பொருள்.) ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து இங்கே வந்து, நாலைந்து பேராக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கொண்டு, வேலைக்காகப் பைத்தான் நிரல்மொழி பழகும் தம்பி தங்கைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியோடு வீட்டுக்கு வருவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேருக்காவது முதல் சிக்கல் இதுவாகவே இருக்கும். அவர்கள் அதற்குள் பைசார்மை இரண்டு முறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியிருப்பார்கள். பைத்தானையும் ஒரு முறை மாற்றியிருப்பார்கள். சிக்கல் அங்கேயே இருக்கும்.

ஐ.டி.இ. எனப்படும் ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழலின் மேற்புறத்தில் பச்சை நிற முக்கோணம் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் நிரல் ஓடும். ஆனால் அந்தப் பொத்தான், எந்தப் பைத்தானைக் கொண்டு, எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு, எந்தெந்த இடங்களில் மாட்யூல்களைத் தேடி நிரலை ஓட்டுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் பத்து நிமிடத்தில் மீள்வதையும், தெரியாதவர்கள் நாள்கணக்கில் அல்லாடுவதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்த மூன்று விடைகளை முதலில் கைவசப்படுத்திவிட்டு மற்ற வசதிகளுக்குப் போவதே இந்த வழிகாட்டியின் வரிசை. பைசார்மை மையமாக வைத்து எழுதுகிறேன். விஷுவல் ஸ்டுடியோ கோட் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டு நிரலாக, வாடகை வீட்டில் சேர்ந்து தங்கியிருப்போரின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தேதி, பொருள், தொகை என மூன்று பத்திகள் கொண்ட ஒரு சி.எஸ்.வி. கோப்பு (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய அட்டவணை), அதைப் படித்து மாத மொத்தத்தையும், பொருள்வாரியான செலவையும் காட்டும் நிரல். பெங்களூருவில் நான்கு பேர் சேர்ந்து தங்கும் எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் இருக்கும் என்பதால், தவறாக வரும் விடையை நீங்களே கண்டுபிடித்துவிட முடியும்.

எதைத் தேர்வது

இதில் நெடுநேரம் செலவிட வேண்டாம். பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில், முதல் ஒரு வாரம் மொழியின் இலக்கணத்தைப் பழகுவதற்குப் போதும். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி, நிரல் ஓடும்போது மாறிகளின் மதிப்பு எப்படி மாறுகிறது என்பதை எளிதாகக் காட்டுவதால் பள்ளி மாணவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். அலுவலக வேலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டே தேர்வுகள்தாம்: பிராகா நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் பைசார்ம் ஒன்று, மைக்ரோசாஃப்ட் 2015-இல் அறிவித்த விஷுவல் ஸ்டுடியோ கோட் மற்றொன்று.

முன்னது பைத்தானுக்கென்றே கட்டப்பட்டது. நிறுவிய உடனே டீபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவி), பெயர் மாற்றம், சோதனை ஓட்டம் எல்லாம் கிடைக்கும். பின்னது அடிப்படையில் ஒரு நிரல் எடிட்டர்; பைத்தானுக்கான நீட்சியைச் சேர்த்த பிறகே அது ஐ.டி.இ. ஆகிறது. வைட்ஃபீல்டில் தரவு அறிவியல் வேலை செய்யும் என் தோழி, நோட்புக்கும் நிரலும் தொலைவிலுள்ள சர்வரும் ஒரே சாளரத்தில் இலேசாக இருக்கிறது என்று இரண்டாவதைத்தான் விரும்புகிறாள். நூற்றுக்கணக்கான கோப்புகள் கொண்ட நிரல்தொகுதியை நாள்தோறும் மாற்றும் எனக்கு முதலாவது ஏற்றதாக இருக்கிறது. புதியவருக்கு என் பரிந்துரை: உங்கள் குழுவில் பக்கத்து இருக்கைக்காரர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் அருகில் இருப்பது எந்த வசதியையும் விடப் பெரிது.

முன்பு பைசார்ம், இலவசமான கம்யூனிட்டி பதிப்பாகவும் கட்டணமுள்ள புரொஃபெஷனல் பதிப்பாகவும் தனித்தனியே கிடைத்தது. 2025.1 பதிப்பிலிருந்து இரண்டும் ஒரே நிறுவலாக இணைந்துவிட்டன. அடிப்படை வசதிகள் இலவசம், ஜாங்கோ (வலைத்தளம் கட்டும் பைத்தான் தொகுப்பு), தரவுத்தளம், தொலை சர்வர் போன்றவற்றுக்குச் சந்தா தேவை. இந்த வழிகாட்டியில் பைசார்மைப் பற்றிச் சொல்லப்படுபவை அனைத்தும் இலவசப் பகுதியிலேயே உள்ளன. ஆகையால் தொடக்கத்தில் வரும் ஒரு மாதச் சோதனைக் காலம் முடிந்துவிட்டதே என்று யாரும் பதற வேண்டியதில்லை.

முதல் அரைமணி நேரம்

நிறுவியதும் ஒரு புதிய புராஜெக்டைத் திறந்தால், கீழ்ப்பட்டையில் ஒரு முன்னேற்றக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கோப்புகளையும், நிறுவப்பட்ட பேக்கேஜ்களையும், பைத்தானின் அடிப்படை நூலகத்தையும் பைசார்ம் படித்து அட்டவணையிடும் நேரம் அது. எந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெங்கே பயன்படுகிறது என்பதை அது பின்னால் நொடியில் சொல்வதற்குக் காரணம் இந்த அட்டவணைதான். அது முடியும் முன்பே தட்டத் தொடங்கி, “மெதுவாக இருக்கிறது, சிவப்புக் கோடுகளாக வருகிறது” என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். அந்தச் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

எட்டு ஜி.பி. நினைவகம் கொண்ட மடிக்கணினியில், பக்கத்தில் பிரவுசரும் அலுவலகக் காணொளிக் கூட்டமும் திறந்திருக்கும்போது பைசார்ம் திணறும் என்பது உண்மை. ஜாவா இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்ட கருவி என்பதால் அதன் நினைவகப் பசி சற்று அதிகம். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. புராஜெக்டுக்குள் பெரிய தரவுக் கோப்புறை இருந்தால், அதன்மேல் வலச்சொடுக்கி, ‘மார்க் டைரக்டரி ஆஸ்’ என்பதில் ‘எக்ஸ்க்ளூடட்’ என்று குறித்துவிடுங்கள். அட்டவணையிடும் வேலையிலிருந்து அது விலகிவிடும். அடுத்தது, ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘பவர் சேவ் மோட்’. பின்னணியில் நடக்கும் பிழை ஆய்வுகளை அது நிறுத்திவைக்கிறது. சேலம் போகும் ரயிலில் மின்கலத்தை நம்பி வேலை செய்யும்போது நான் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் இறங்கியதும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் அந்த ஆய்வுகள் சொல்லும் எச்சரிக்கை எவ்வளவு மதிப்புள்ளது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

முதல் கேள்வி: எந்தப் பைத்தான்?

உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான்கள் இருப்பது வழக்கம். உபுண்டு இயங்குதளம் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. நீங்கள் பதிவிறக்கியது இன்னொன்று. அனகோண்டா என்னும் பைத்தான் தொகுப்பை நிறுவியிருந்தால் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேக்கேஜ் கிடங்கு உண்டு. டெர்மினலில் ‘பிப்’ ஒரு கிடங்கில் பொருளை இறக்கிவைக்க, பைசார்ம் வேறொரு கிடங்கின் கதவைத் திறந்து “இங்கே ஒன்றுமில்லை” என்று சொல்வதுதான் நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட சிக்கலின் முழு உண்மை.

ஆகவே புராஜெக்டுக்கு ஒரு தனிக் கிடங்கு, அதாவது மெய்நிகர்ச் சூழல், அமைப்பது முதல் படி. இதற்கான ‘வென்வ்’ என்னும் கருவி 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. பைசார்மில் புதிய புராஜெக்ட் தொடங்கும் சாளரத்திலேயே அதற்கான தேர்வு இருக்கும். அடிப்படைப் பைத்தானாக எந்தப் பதிப்பு காட்டப்படுகிறது என்று அங்கேயே ஒரு முறை படித்துப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில், கட்டளைப் பலகையைத் திறந்து ‘பைத்தான்: கிரியேட் என்விரான்மென்ட்’ என்பதைத் தேர்ந்தால் அதே வேலை நடக்கும். உபுண்டு 23.04 முதல், கணினியின் சொந்தப் பைத்தானில் ‘பிப்’ நேரடியாக எதையும் நிறுவ விடாமல் மறுக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கட்டளையால் அந்தப் பூட்டை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல அந்தப் பைத்தானை நம்பியிருக்கின்றன.

சூழலை அமைத்த பிறகு சரிபார்ப்பது இரண்டாவது படி. சாளரத்தின் கீழ் வலது மூலையில் தற்போதைய இன்டர்பிரெட்டரின், அதாவது நிரலை ஓட்டும் பைத்தானின், பெயர் இருக்கும். அதை மட்டும் நம்பாமல், ‘சிஸ்’ மாட்யூலை இறக்குமதி செய்து அதன் ‘எக்ஸிக்யூட்டபிள்’ என்னும் மதிப்பை அச்சிடும் இரண்டு வரி நிரலைப் பச்சைப் பொத்தானால் ஒரு முறையும், டெர்மினலில் ஒரு முறையும் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே பாதை வந்தால் இந்தக் கேள்வி தீர்ந்தது. வேறு வேறு பாதைகள் வந்தால், டெர்மினலில் சூழல் செயல்படுத்தப்படவில்லை என்று பொருள், ஐ.டி.இ.க்குள்ளேயே ஒரு புதிய டெர்மினலைத் திறந்தால் பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். பேக்கேஜ் நிறுவும்போதும் ‘பிப்’ என்று தனியாகத் தட்டாமல், ‘பைத்தான்’ என்று தட்டி, சிறு கோட்டோடு ‘எம்’ எழுத்தைச் சேர்த்து (-m), அதன்பின் ‘பிப்’ என்று தட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ அதன் கிடங்குக்கே பொருள் போய்ச் சேரும்.

இதே குழப்பத்தின் உறவினர் ஒருவர் உண்டு. கணக்கு நிரலுக்கான கோப்புக்கு ‘சி.எஸ்.வி.’ என்றே பெயர் வைத்துவிட்டு, உள்ளே அதே பெயருள்ள மாட்யூலை இறக்குமதி செய்தால், பைத்தான் முதலில் உங்கள் கோப்புறையில் தேடி உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். பிறகு, அந்த மாட்யூலில் ‘ரீடர்’ என்று எதுவும் இல்லை என்னும் விளங்காத பிழைச்செய்தி வரும். ‘ரேண்டம்’, ‘டெஸ்ட்’, ‘ஈமெயில்’ என்று கோப்புக்குப் பெயரிடுவோர் யாவரும் இதைச் சந்திப்பார்கள். அந்தப் பெயரின் மேல் கண்ட்ரோல் விசையோடு சொடுக்கிப் பாருங்கள். பைத்தானின் நூலகக் கோப்பு திறப்பதற்கு மாறாக உங்கள் கோப்பே திறந்தால் காரணம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகள்: எங்கே நின்று, எங்கே தேடி?

பச்சைப் பொத்தானை அழுத்தியதும் கீழே திறக்கும் சாளரத்தின் முதல் வரியைப் பெரும்பாலோர் படிப்பதேயில்லை. பைசார்ம் தான் நிறைவேற்றிய கட்டளையை, பைத்தானின் முழுப் பாதையோடும் உங்கள் கோப்பின் முழுப் பாதையோடும், அங்கே அப்படியே எழுதிவைக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடும் டெர்மினலில் அதையே செய்கிறது. என்னைப் பொறுத்தவரை ஐ.டி.இ. காட்டும் வரிகளிலேயே மதிப்பு மிக்கது அதுதான்.

ஆனால் அந்த வரியில் தெரியாதவை இரண்டு உள்ளன. ஒன்று, நிரல் எந்தக் கோப்புறையில் நின்று ஓடுகிறது என்பது. பைசார்ம் வழக்கமாக, ஓட்டப்படும் கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே நிற்கும். விஷுவல் ஸ்டுடியோ கோட் நீங்கள் திறந்துவைத்த முழுப் புராஜெக்டின் தலைக் கோப்புறையில் நிற்கும். நிரல் ஒரு உட்கோப்புறையில் இருந்து, பக்கத்திலேயே இருக்கும் சி.எஸ்.வி. கோப்பை வெறும் பெயரால் திறந்தால், முதலாவதில் ஓடும், இரண்டாவதில் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று நிற்கும். ஒரே நிரல் ஒருவர் கணினியில் ஓடி, பக்கத்து இருக்கைக்காரர் கணினியில் ஓடாமல் போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுவே. ‘ரன் கான்ஃபிகரேஷன்’ சாளரத்தில் இந்தக் கோப்புறையை மாற்றலாம் என்றாலும், நிரலிலேயே ‘பாத்லிப்’ என்னும் மாட்யூலைக் கொண்டு, அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பாதையைக் கணக்கிட்டுக்கொள்வதே நிலையான தீர்வு.

தெரியாத இன்னொன்று, மாட்யூல்களைத் தேடும் பாதைகள். புராஜெக்டின் தலைக் கோப்புறையையும், ‘சோர்ஸஸ் ரூட்’ என்று நீங்கள் குறித்த கோப்புறைகளையும் பைசார்ம் தானாகவே ‘பைத்தான்பாத்’ என்னும் தேடல் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. உதவி செய்யும் எண்ணத்தில்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் சர்வரில் அந்த உதவி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், என் கணினியில் மாதக்கணக்கில் ஓடிய ஒரு நிரல், சர்வரில் முதல் இறக்குமதி வரியிலேயே நின்றுபோனதும், இரவு பதினொரு மணிவரை நான் சர்வரையே சந்தேகித்துக்கொண்டிருந்ததும் இன்றும் நினைவில் இருக்கின்றன. ‘ரன் கான்ஃபிகரேஷன்’ சாளரத்தில், உள்ளடக்கக் கோப்புறைகளையும் மூலக் கோப்புறைகளையும் தேடல் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கும். அந்தக் குறிகளை எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஓடினால், உங்கள் நிரல் தன் காலில் நிற்கிறது.

தமிழ்த் தரவு கையில் இருந்தால்

எங்கள் எடுத்துக்காட்டில் பொருள்களின் பெயர்கள் தமிழில் இருக்கின்றன: அரிசி, எண்ணெய், கோதுமை, காஸ். இங்கே தமிழர்களாகிய நமக்கென்றே சில படிகள் உண்டு. பொதுவான வழிகாட்டிகளில் அவை இடம்பெறுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எழுத்துரு. பைசார்மின் இயல்பான நிரல் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. இயங்குதளம் வேறொரு எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டும், அப்போது கர்சர் ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக நிற்கக்கூடும். அமைப்புகளில் எடிட்டர் எழுத்துருப் பகுதியில் மாற்று எழுத்துருவாக, விண்டோஸில் நிர்மலா யூ.ஐ.யையும், லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழையும் குறித்துக்கொண்டால் படிப்பதற்காவது தெளிவாக இருக்கும்.

அடுத்தது குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் முறை; இன்று பரவலாக உள்ளது யூ.டி.எஃப்-8. விண்டோஸில், குறியாக்கத்தைச் சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், பைத்தானின் இன்றைய பெரும்பாலான பதிப்புகள் யூ.டி.எஃப்-8 என்று கொள்வதில்லை. கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்கின்றன. அதனால் எடிட்டரில் அழகாகத் தெரியும் ‘அரிசி’, நிரலின் வழியே வரும்போது பொருளற்ற குறிகளின் கூட்டமாக வரும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் குறியாக்கத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தக் கோப்பு எக்செலில் ‘யூ.டி.எஃப்-8’ வகை சி.எஸ்.வி. ஆகச் சேமிக்கப்பட்டதென்றால், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியும் இருக்கும். அது முதல் பத்தியின் தலைப்போடு ஒட்டிக்கொள்வதால், ‘தேதி’ என்னும் பத்தி கண்முன் இருந்தும், அப்படி ஒரு சாவி இல்லை என்று நிரல் சொல்லும். குறியாக்கத்தை ‘யூ.டி.எஃப்-8-சிக்’ என்று மாற்றினால் அந்தக் குறியைப் பைத்தான் நீக்கிவிடும்.

மூன்றாவது சிக்கல் மிக நுட்பமானது. பொருள்வாரியான பட்டியலில் ‘கோதுமை’ இரண்டு முறை, இரண்டு தொகைகளோடு வந்தது. எடிட்டரில் இரண்டும் ஒன்றே; எழுத்துப்பிழை இல்லை; இடைவெளி இல்லை. நிரலை நிறுத்தி, இரண்டு சொற்களின் நீளத்தையும் கேட்டபோது ஒன்றுக்கு 6 என்றும் மற்றதற்கு 7 என்றும் விடை வந்தது. யூனிகோடில் ‘கோ’ என்பதை, ககரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக வைத்தும் எழுதலாம். ஏகாரக் குறியையும் ஆகாரக் குறியையும் (இரட்டைக்கொம்பையும் காலையும்) தனித்தனியே வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. நண்பர்களில் ஒருவர் தட்டச்சு செய்திருக்கிறார், இன்னொருவர் வேறொரு கோப்பிலிருந்து படியெடுத்து ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலில் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறுக்கு ‘என்.எஃப்.சி.’ என்னும் வடிவத்தைச் சொல்லி, படிக்கும் ஒவ்வொரு சொல்லையும் அதன் வழியே அனுப்பினால் இரண்டு கோதுமைகளும் ஒன்றாகிவிடும். எழுத்துகளையே எண்ண வேண்டுமென்றால் பைத்தானின் நீளக் கணக்கு உதவாது. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு அது 5 என்று சொல்லும். அதற்கு ‘ஓப்பன்-தமிழ்’ பேக்கேஜை நாடுங்கள்.

மாறிகளின் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் அதற்கு இடம் உண்டு. பைசார்மும் அவற்றைப் பிழையின்றிப் புரிந்துகொள்கிறது. கற்கும் காலத்தில் நான் அதை ஊக்குவிக்கிறேன். பிற மொழிக்காரர்களோடு சேர்ந்து எழுதும் அலுவலக நிரலில் ஆங்கிலப் பெயர்களே முறை.

டீபக்கர்

ஐ.டி.இ. எதற்கு என்று ஒரே வசதியைச் சொல்லச் சொன்னால் டீபக்கரைத்தான் சொல்வேன். தானாகச் சொற்களை நிரப்புவது தட்டும் நேரத்தைக் குறைக்கிறது. டீபக்கரோ, நிரல் உள்ளே என்ன செய்கிறது என்பதை நிறுத்திவைத்துக் காட்டுகிறது. இருந்தும் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்தவர்கள்கூட, வரிக்கு வரி அச்சிட்டுப் பார்த்தே பிழை தேடுவதைக் காண்கிறேன். அச்சிடுவது தவறில்லை, ஆனால் எதை அச்சிட வேண்டும் என்று முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும், ஊகம் தவறினால் மீண்டும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

எங்கள் கணக்கு நிரலையே பார்ப்போம். மாத வரிகளையும், தொகைகளைச் சேர்க்க ஒரு பட்டியலையும் பெறும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. பட்டியல் தரப்படாவிட்டால் வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாகக் கொள்ளும்படி, அதன் தலைப்பு வரியிலேயே எழுதப்பட்டிருந்தது. ஜூன் மாத மொத்தம் 18,400 ரூபாய் என்று சரியாக வந்தது. ஜூலைக்கு 19,100 வர வேண்டிய இடத்தில் 37,500 வந்தது. தரவில் பிழை என்று நினைத்து, எழுதியவர் இரண்டு மணி நேரம் சி.எஸ்.வி. கோப்பையே திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

செயற்கூறின் உள்ளே முதல் வரிக்கு இடப்புறமுள்ள ஓரத்தில் சொடுக்குங்கள். சிவப்புப் புள்ளி தோன்றும். அதுவே பிரேக்பாயிண்ட். இப்போது பச்சை முக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள வண்டு வடிவப் பொத்தானை அழுத்தினால், நிரல் அந்த வரியை நிறைவேற்றும் முன் நிற்கும்; கீழே அப்போதைய மாறிகள் அனைத்தும் மதிப்போடு தெரியும். முதல் முறை நிற்பது ஜூன் மாதத்துக்காக. தொகைப் பட்டியல் காலியாக இருக்கிறது. எஃப்9 விசையால் தொடரச் செய்யுங்கள். இரண்டாம் முறை ஜூலைக்காக நிற்கிறது. இன்னும் ஒரு வரிகூட ஓடவில்லை, ஆனால் தொகைப் பட்டியலில் ஜூன் மாதத் தொகைகள் அத்தனையும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பிழை சி.எஸ்.வி.யில் இல்லை என்பது அந்த நொடியில் தெளிவாகிவிடுகிறது.

இயல்பு மதிப்பைப் பைத்தான், செயற்கூறு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குவதில்லை. வரையறுக்கும்போது ஒரே ஒரு முறை உருவாக்கி, அதையே எல்லா அழைப்புகளுக்கும் கொடுக்கிறது. ஆகவே இரண்டு மாதங்களும் ஒரே பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தன. இயல்பு மதிப்பை, ‘எதுவுமில்லை’ என்று பொருள்படும் ‘நன்’ (None) என்று வைத்து, உள்ளே புதிய பட்டியலை உருவாக்கிக்கொண்டால் தீர்ந்தது. இன்னொன்றையும் அவருக்குக் காட்டினேன். அந்தத் தலைப்பு வரியில், இயல்பு மதிப்பு மாறக்கூடிய வகையைச் சேர்ந்தது என்னும் பைசார்மின் எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே இருந்தது. இத்தகைய எச்சரிக்கைகள் திரையின் அலங்காரமல்ல. ஆல்ட் விசையோடு என்டரை அழுத்தினால் அது பரிந்துரைக்கும் திருத்தமும் வரும். ஏன் என்று விளங்கிய பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

நகரும் விசைகள் நான்கு. விண்டோஸ், லினக்ஸ் பைசார்மில் எஃப்8 அடுத்த வரிக்குப் போகும். எஃப்7 அந்த வரியில் அழைக்கப்படும் செயற்கூறுக்குள் நுழையும். ஷிஃப்டோடு எஃப்8 அதிலிருந்து வெளியேறும். எஃப்9 அடுத்த பிரேக்பாயிண்ட் வரை ஓடும். விஷுவல் ஸ்டுடியோ கோடில் இவை முறையே எஃப்10, எஃப்11, ஷிஃப்டோடு எஃப்11, எஃப்5. பல மடிக்கணினிகளில் இந்த விசைகள் ஒலியளவையும் வெளிச்சத்தையும் மாற்றுவதால் எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். எஃப்7 சில நேரம் உங்களைப் பைத்தானின் நூலகத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அச்சம் வேண்டாம், ஷிஃப்டோடு எஃப்8 அழுத்தித் திரும்புங்கள்.

ஐந்நூறு வரிகள் உள்ள கோப்பில் முந்நூறாவது வரியில் மட்டும் சிக்கல் என்றால், முந்நூறு முறை எஃப்9 அழுத்த வேண்டியதில்லை. சிவப்புப் புள்ளியின் மேல் வலச்சொடுக்கி ஒரு நிபந்தனையை எழுதலாம்: தொகை சுழியைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் நில், அல்லது பொருள் ‘கோதுமை’யாக இருந்தால் மட்டும் நில். நின்ற இடத்தில் ஆல்ட்டோடு எஃப்8 அழுத்தினால், அந்தக் கணத்தின் மாறிகளைக் கொண்டு எந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கும் பெட்டி திறக்கும். இரண்டு கோதுமைகளின் நீளத்தை நான் கேட்டது அங்கேதான். எந்த வரியில் பிழை எழுகிறது என்றே தெரியாவிட்டால், பிடிக்கப்படாத பிழை எழும் இடத்தில் தானாக நிற்கச் சொல்லும் வசதி இரண்டு கருவிகளிலும் உண்டு. ஐ.டி.இ. இல்லாத சர்வரில் நிற்க நேர்ந்தால், பைத்தான் 3.7 முதல் மொழியிலேயே உள்ள ‘பிரேக்பாயிண்ட்’ செயற்கூறை அழைத்து இதே முறையில் தேடலாம், ஐ.டி.இ.யில் பழகிய கண், அங்கே வெறும் எழுத்துத் திரையிலும் வழி கண்டுபிடித்துவிடும்.

டீபக்கரில் ஓடும்போது நிரல் மெதுவாகும் என்பது இயல்பு. பெரிய சுழற்சிகளுக்கு உள்ளே பிரேக்பாயிண்ட் வைப்பதைத் தவிர்த்து, அது முடிந்த வரியில் வையுங்கள்.

மற்ற வசதிகள், சுருக்கமாக

பெயர் மாற்றத்தைத் தேடி மாற்றும் முறையில் செய்யாதீர்கள். பெயரின் மேல் நின்று ஷிஃப்டோடு எஃப்6 அழுத்துங்கள். அதே எழுத்துகள் கொண்ட வேறு மாறியைத் தொடாமல், சரியான இடங்களில் மட்டும் மாற்றும். ஆல்ட்டோடு எஃப்7 ஒரு செயற்கூறு எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று காட்டும். பிறர் எழுதிய பெரிய நிரலைப் படிக்கத் தொடங்கும் முதல் வாரத்தில் இதைப்போல் உதவுவது வேறில்லை. ஷிஃப்டை இரு முறை தட்டினால் எதையும் தேடலாம்.

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ‘கிட்’ கருவியில் சேர்க்காத ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டால், கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி ‘லோக்கல் ஹிஸ்டரி’யைத் திறந்து பாருங்கள். பைசார்ம் அண்மை நாள்களின் மாற்றங்களைத் தன்னிடம் வைத்திருக்கும். என் குழுவில் ஒருவரின் மூன்று நாள் உழைப்பு அப்படித்தான் மீண்டது. ஆனால் அது கிட்டுக்கு மாற்றாகாது.

செயற்கை நுண்ணறிவு முழு வரிகளையே பரிந்துரைக்கும் வசதி இப்போது இரண்டு கருவிகளிலும் இருக்கிறது. கற்கும் முதல் சில மாதங்கள் அதை அணைத்துவைக்குமாறு ஞாயிறு வகுப்புக்கு வருவோரிடம் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன இயல்பு மதிப்புப் பிழையை ஒரு முறை தானே டீபக்கரில் கண்டவர், பரிந்துரையில் அது வந்தால் அடையாளம் காண்பார். காணாதவர் அப்படியே ஏற்றுக்கொள்வார்.

கடைசிப் படி: ஐ.டி.இ.யை மூடிவிட்டு

நிரல் முடிந்தது என்று சொல்லும் முன் இதைச் செய்யுங்கள். முதலில், கண்டுபிடித்த பிழைக்கு ஒரு சோதனை எழுதுங்கள்: இரண்டு மாதங்களை அடுத்தடுத்துக் கணக்கிட்டு, இரண்டாவதன் மொத்தம் 19,100 தானா என்று பார்க்கும் ‘பைடெஸ்ட்’ சோதனை ஒன்று போதும். பிறகு, பயன்படுத்திய பேக்கேஜ்களின் பட்டியலை ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ கோப்பில் எழுதி, நிரலோடு கிட்டில் சேருங்கள். மெய்நிகர்ச் சூழலின் கோப்புறையைச் சேர்க்க வேண்டாம். அது உங்கள் கணினிக்கு மட்டுமே உரியது. பைசார்மின் ‘ஐடியா’ கோப்புறையில் உள்ள ‘ஒர்க்ஸ்பேஸ்’ கோப்பையும் விட்டுவிடுங்கள். உங்கள் சாளர அமைப்பு அடுத்தவருக்குத் தேவையில்லை.

இப்போது ஐ.டி.இ.யை மூடிவிட்டு, வெறும் டெர்மினலைத் திறந்து, வேறொரு கோப்புறையில் கிட்டிலிருந்து புதிதாக இறக்கி, புதிய சூழல் அமைத்து, பட்டியலில் உள்ளவற்றை நிறுவி, சோதனையையும் நிரலையும் ஓட்டுங்கள். மாட்யூல் இல்லை என்றால் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது பைசார்ம் சேர்த்துக் கொடுத்த தேடல் பாதையை நிரல் இன்னும் நம்பியிருக்கும். கோப்பு இல்லை என்றால் நிற்கும் இடத்தை நம்பியிருக்கும். இரண்டும் இல்லாமல் ஜூலைக்கு 19,100 என்று வந்தால், அடுத்த அறையில் தங்கியிருப்பவரின் கணினியில் இதே படிகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்; அவர் விண்டோஸ் வைத்திருந்தால், ‘அரிசி’ சரியாகத் தெரிகிறதா என்பதை மறக்காமல் கேளுங்கள்.